வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்

சேக் முகம்மது வண்டி ஓட்டும்போது தனக்குத்தானே பேசுவார். உதடு மட்டும் அசையும், சத்தம் வெளியே வராது. அண்டி ஆபீஸ் வேனில் ஏறுகிற பெண்களுக்கு முதலில் இது பிடிபடவில்லை. முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற தொழிற்சாலைக்குக் குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். மலையடிவாரத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறச்சகுளம் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் காலையில் இறக்குவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை.

"பாயண்ணன் ஓதுகாரு போல" என்றாள் ஒருத்தி.

"ஓதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஸ்கட்டு வெயிலு தலைக்குள்ள எறங்கியிருக்கு" என்றாள் அஜிதா. தடிக்காரன்கோணத்தில் ஏறுகிறவள். எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பாள், தான் தினமும் பிந்தி வருவதற்கும் சேர்த்து.

உண்மையைக் கண்டுபிடித்தவள் முத்துக்கனி. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். அதனால் முன்னால் டிரைவருக்கு இடப்பக்கத்து சீட்டு அவளுக்கு எழுதிவைத்த மாதிரி. ஒருநாள் அழகியபாண்டிபுரம் தாண்டும்போது காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள்.

"இடது பக்கம் பஸ் நிக்கி. அடியில ரெண்டு கால் தெரியுது. ஆளு முன்னால வந்து குறுக்க விழுவான். வலப் பக்கம் ஆடு, கயிறு இல்ல. முன்ன போற பைக்கில பின்னால இருக்கவளுக்க முந்தானை தொங்குது. எடவெளி இருக்கு. இருக்கட்டும்..."

முத்துக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி அஜிதா, ஓதலும் இல்ல, வெயிலும் இல்ல. பாயண்ணன் ரோட்டுக்கு வர்ணனை சொல்லிட்டு வாறாரு! கிரிக்கெட்டுக்குச் சொல்லுவானுவல்லா, அது மாதிரி!"

வேன் முழுக்கச் சிரிப்பு. சேக் முகம்மதுக்குக் காது சூடானது. ஆனாலும் கை இருந்த இடத்தில் இருந்தது, கண்ணும் ரோட்டில் இருந்தது. நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னாலிருந்து, பையைத் தோளில் போட்ட ஒருவன் எந்தப் பக்கமும் பாராமல் குறுக்கே வந்தான். வேன் அதற்குள் நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. அவன் கடந்து போனான். பெண்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அது ஒரு படிப்பு" என்றார் அவர் கடைசியில். "ஓமான்ல கம்பெனியில படிச்சுக் குடுத்தது. தற்காப்பா வண்டி ஓட்டுகது."

"வண்டியில கராத்தேயா?"

அதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

கோட்டாற்றில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு வண்டியும் நெரிசலும் புதிதல்ல. மார்க்கெட்டுக்கு வருகிற லாரிகளில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, லோடு இறக்கிய பிறகு ஓட்டுநர்கள் தூங்குகிற நேரத்தில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துப் பழகியவர். லைசன்ஸ் வாங்கி, வாழைத்தார் ஏற்றி மலையாளக் கரைக்கு ஓட்டி, ஊரில் எல்லோரும் ஓட்டுகிற மாதிரியேதான் அவரும் ஓட்டினார். வளைவு வந்தால் ஹாரன். ஆள் தெரிந்தால் ஹாரன். சந்து, பள்ளிக்கூடம், கல்யாண வீடு, எல்லாவற்றுக்கும் ஹாரன். ஹாரனை அமுக்கிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது, ஒதுங்குவது எதிராளி பாடு. அதுதான் ஊர்ச்சட்டம்.

அந்தச் சட்டத்தோடுதான் ஓமானுக்குப் போனார். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கம்பெனி. அங்கே லைசன்ஸ் மட்டும் போதாது, கம்பெனியின் டிரைவிங் வகுப்பிலும் தேறவேண்டும் என்றபோது அவருக்கு மானம் போனது. இத்தனை வருசம் ஓட்டினவனுக்கு என்னத்தைச் சொல்லித்தரப் போகிறார்கள்? முதல் தடவையே தோற்றார். பாலைவன ரோட்டில் ஒட்டகம் ஒன்று ஓரமாக நின்றது. அவர் வேகத்தைக் குறைக்காமல் ஹாரனை அமுக்கினார். பக்கத்திலிருந்த பாகிஸ்தான்காரப் பயிற்சியாளர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"இப்போ அந்த ஒட்டகத்திடம் நீ என்ன சொன்னாய்?"

"ஒதுங்கச் சொன்னேன்."

"அது உன்னிடம் என்ன சொன்னது?"

சேக் முகம்மது ஒட்டகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒட்டகம் நின்ற இடத்திலேயே நின்று, அசைபோட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது.

இரண்டாம் தடவை தேறினார். அதன் பிறகு சில வருசத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப உட்காரவேண்டியிருந்தது. அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எதிரே வருகிறவன் தப்புச் செய்வான் என்று நினைத்துக்கொள். செய்தாலும் உனக்கு நிறுத்த இடம் இருக்கட்டும். முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவே எப்போதும் இடம் விடு. பக்கத்தில் பார்க்காதே, தூரத்தில் பார். நின்றிருக்கிற வண்டியின் அடியில் கால் தெரிகிறதா என்று பார். பார்த்ததை வாய்விட்டுச் சொல். சொல்லாவிட்டால் கண் பார்க்கும், புத்தி பார்க்காது.

அந்தக் கடைசிப் பாடம்தான் அவருக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. சொல்லிச் சொல்லி ஓட்டியதில் இன்னொன்றும் தெரிந்தது: கோபம் வரவில்லை. குறுக்கே விழுகிறவனை வைவதற்கு முன்பே அவன் விழுவான் என்று சொல்லியாகிவிட்டது. பிறகு எதற்குக் கோபம்? இரவு படுக்கும்போது தோள்பட்டை வலி குறைந்திருந்தது. கம்பெனியில் வருசக்கணக்காக ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியதற்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுவந்து காட்டியபோது மனைவி கதீஜா உம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன செஞ்சதுக்குக் குடுத்தானுவ?"

"ஒண்ணும் நடக்காததுக்கு."

"ஒண்ணும் நடக்காததுக்கு ஒரு கடிகாரமா? அப்பம் இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுக்கணுமே!"

அந்தப் படிப்பின் கஷ்டம் அதுதான். அதனால் கிடைத்த நன்மை எதையும் எடுத்துக் காட்ட முடியாது. நடந்த விபத்தை ஊரே சொல்லும். நடக்காததை யார் சொல்வார்?

கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஊர் திரும்பினார். அறுபதை நெருங்கிய ஆளுக்கு, கழுத்தெலும்பு தேய்ந்த ஆளுக்கு, இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மச்சினன் ஜுனைதின் கயிறு, சாக்குக் கடையில் உட்காருவது. "மச்சான், நீங்க சும்மா கல்லாப் பக்கம் இருந்தா போதும், கடைக்கு ஒரு மதிப்பு" என்று ஜுனைத் நல்ல மனசோடுதான் சொன்னான். நல்ல மனசாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. இன்னொன்று இந்த வேன். அவர் வேனைப் பிடித்துக்கொண்டார். விடியும் முன்னே ஸ்கூட்டரில் கிளம்பிப் போய் வண்டியை எடுத்து, மேலே கீரிப்பாறை ரோடு வரைக்கும் போய்த் திருப்பி, நிறுத்தம் நிறுத்தமாக ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டும். உடம்பு அலுத்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற வரைக்கும் அவர் யாருடைய தயவிலும் இல்லை.

வர்ணனை தெரிந்துபோன நாளிலிருந்து வேனில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. முத்துக்கனி அவர் குரலிலேயே ஆரம்பிப்பாள்.

"இடது பக்கம் சாயாக்கடை. கடையில ஒருத்தன் வாயப் பொளந்துகிட்டு நிக்கான். சாயா ஆறிரும்."

பின்னாலிருந்து அஜிதா: "வலது பக்கம் எனக்க மாமியாருக்க தங்கச்சி. வண்டிய நிறுத்தாதியும் பாயண்ணே, ஏறிக்கிடுவா!"

"முன்ன ஒரு நாயி. யோசிக்கி. போவவா வேண்டாமான்னு யோசிக்கி."

"போவும். அதுக்க மூஞ்சியப் பாரு, போற மூஞ்சி."

நாய் போனது. அஜிதா ஜெயித்த மாதிரிக் கைதட்டினாள்.

கேலியாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் நாய் போகுமா, பைக்குக்காரன் திரும்புவானா, நிற்கிற ஆட்டோவின் கதவுப் பக்கம் கால் நீளுமா என்று பந்தயம் வைத்துப் பார்க்கப் பார்க்க, ரோட்டைப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. சேக் முகம்மது அதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தார். அப்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

கவலை ஆபீஸ் கேட். காலைச் சங்கு ஊதியதும் கேட்டை அடைத்துவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் உச்சிச் சங்கு வரை வெளியே நிற்கவேண்டும், அரைநாள் கூலி போயிற்று. முன்பு ஓட்டிய டிரைவர் எந்த வளைவையும் வளைவாக நினைக்காதவன்; ஒருநாளும் பிந்தியதில்லை. சேக் முகம்மது முன் வண்டிக்கு இடம் விட்டு ஓட்டினார். அவர் விட்ட இடத்தில் மினி பஸ் ஒன்று நுழையும். மறுபடி பின்வாங்கி இடம் விடுவார். அதில் ஒரு ஆட்டோ நுழையும். ஓமானில் இடைவெளி என்றால் பாதுகாப்பு. இங்கே அது காலி இடம்.

"எல்லாவனுக்கும் வழிய விட்டுக்குடுத்தா நம்ம எப்பம் போய்ச் சேர?" என்பாள் அஜிதா. "ஆக்சிலேட்டர ஒண்ணு சவுட்டும் பாயண்ணே!"

"நீ நேரத்தே வந்து நின்னா சவுட்டாண்டாம் பிள்ளே."

"நான் பிள்ளைக்குச் சோறு குடுக்காண்டாமா? குழாயில வெள்ளம் பிடிக்காண்டாமா? அவனுக்கு அடுக்களை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லோருடைய வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் வீட்டில் இழந்த நேரத்தை எல்லாம் அவர் ரோட்டில் மீட்டுத்தரவேண்டியிருந்தது. அவர் மீட்டுத்தரவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது கேட் அடைபட்டது. நின்று நின்று கால் கடுத்த பெண்கள் அவரைப் பாராமல் நின்றார்கள். கேலி செய்யாத அந்த மௌனம்தான் அவருக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

சூப்பர்வைசர் லிஜோ சின்ன வயசு, மரியாதை தெரிந்த பையன். அவரைத் தனியே கூப்பிட்டான்.

"இக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பொம்பளைங்களே வந்து சொல்லுகாங்க, வேற டிரைவர் வேணும்னு. கொஞ்ச நாளைக்கு ஷாஜன் ஓட்டட்டும். நீங்களும் ரெஸ்ட் எடுங்க. பிறகு பாப்போம்."

பிறகு பார்ப்போம் என்பதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். கம்பெனியிலும் அப்படித்தான் சொன்னார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது உதடு அசையவில்லை. அதை உணர்ந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பேசாமல் ஓட்டக்கூடாது. மறுபடி ஆரம்பித்தார்: இடது பக்கம் வயல். வலது பக்கம் வாய்க்கால். முன்னால் ஒன்றும் இல்லை.

ஜுனைதின் கடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், மெத்தையோடு. கோட்டாற்றுத் தெரு கண்ணுக்கு முன்னால் ஓடியது. மூட்டை சுமக்கிறவர்கள், பின்னோக்கி வருகிற டெம்போ, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஹேண்டிலுமாகப் போகிறவன். அவர் கண்ணை மூடிப் பார்த்தார், முடியவில்லை. வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது.

"மச்சான், எங்கிட்டயா சொல்லுகீங்க?" என்று ஜுனைத் கேட்டான்.

"இல்ல. அந்த டெம்போ அந்த அம்மாவப் பாக்கல்ல."

"அது எல்லாம் அவனுவ பாத்துக்கிடுவானுவ. சாயா குடிங்க."

சாயா வந்தது. பிறகு மறுபடியும் சாயா வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாள் முழுக்க லோடு ஏற்றின ஆள் போலக் கட்டிலில் விழுந்தார். கதீஜா உம்மாள் காலை அமுக்கிவிட்டுக் கேட்டாள்:

"கடையில என்ன வேலை செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல்ல."

"அதுக்கா இவ்வளவு ஓய்ச்சல்?"

"ஆமா. அதுக்குத்தான்."

சவேரியார் கோயில் திருவிழாச் சமயம். கோட்டாற்றில் கடை கடையாகக் கூட்டம் ஏறி இறங்கியது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக்குக் கயிறு வாங்க முத்துக்கனி வந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஜிதாவும் கூட. மெத்தை நாற்காலியில் அவரைப் பார்த்ததும் முத்துக்கனி நின்றுவிட்டாள்.

"ஓய் பாயண்ணே, கல்லாவுல இருக்கேரு? முதலாளி ஆயிட்டேரா?"

"மச்சினன் கடை" என்றார். அவரை மாற்றச் சொல்லி லிஜோவிடம் போனவர்களில் இவர்களும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்ட மனசில் தெம்பில்லை. "ஷாஜன் நல்லா ஓட்டுகானா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த எளவ ஏன் கேக்கேரு" என்றாள் அஜிதா. "முத நாளு நல்லாத்தான் இருந்தது. பாட்டுப் போட்டான், வேகமா விட்டான். சங்குக்கு முன்னால போய்ச் சேந்தாச்சு, நாங்க சாயாவே குடிச்சோம். மறுநாளு இவ ஆரம்பிச்சா."

"நான் எங்கட்டி ஆரம்பிச்சேன்? வாயி தானா வந்துச்சு. நின்ன பஸ்ஸுக்கு அடியில காலு தெரியுது. இவனுக்குத் தெரியல்ல. 'காலு, காலு'ன்னு கத்திட்டேன். அவன் பிரேக்க சவுட்டி, 'எங்க அக்கா காலு, உனக்க காலா?'ன்னு கேக்கான்."

"பிறகு எல்லாவளும் கத்த ஆரம்பிச்சாச்சு" என்றாள் அஜிதா. "ஒருத்தி ஆடுங்கா, ஒருத்தி ஆட்டோக்கதவுங்கா, ஒருத்தி எடவெளி விடுடா மக்கா எடவெளி விடுடான்னு நெஞ்சில அடிக்கா. நான் கண்ண மூடிக்கிட்டேன். மூடினாலும் தெரியுது பாயண்ணே. முன்னால எல்லாம் நாங்க பாட்டுக்குக் கதை பேசிட்டுப் போவோம். இப்பம் ரோட்டத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல விழமாட்டேங்கு. நீரு எங்க கண்ணக் கெடுத்துப்போட்டேரு."

"நேத்தைக்கு" என்று முத்துக்கனி குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தியும் கடை முழுக்கக் கேட்டது, "தோவாளைச் சந்தைக்குப் போற பூவண்டி ஒண்ணு எதுக்க வருது. இவன் முந்தப் போறான். நாங்க எல்லாரும் சேந்து போட்ட கூச்சல்ல பூவண்டிக்காரனே நிறுத்திட்டான்! ஷாஜன் வண்டிய ஓரங்கட்டினான், சாவிய உருவினான், எனக்க மடியில போட்டான். 'இதுகள வச்சு மனுசன் வண்டி ஓட்டமுடியாது, அந்தச் சாயிபையே விளிங்க'ன்னு எறங்கி, பின்னால வந்த மினி பஸ்ஸில ஏறிப் போயேபோய்ட்டான்."

ஜுனைத் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்தான். சேக் முகம்மது ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து முத்துக்கனி முன்னால் போட்டார்.

"அதனால வாரும்" என்றாள் முத்துக்கனி.

"வந்து? மறுபடி கேட்டு அடைப்பான். மறுபடி நீங்க மூஞ்சியத் திருப்பிட்டு நிப்பீங்க. எனக்கு வயசாச்சு பிள்ளே, நான் என்னத்துக்கு..."

"லிஜோகிட்டப் பேசியாச்சு. கேட்டு நேரத்த மாத்த முடியாதுன்னுட்டான். லேட்டு ஆனா உங்க அரைநாளு, டிரைவரு யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னான். முடிவு பண்ணியாச்சு." முத்துக்கனி கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "இவ நேரத்தே வந்திருவா."

"யாரு சொன்னா?" என்றாள் அஜிதா.

"நான் சொல்லுகேன்."

அவர் திங்கட்கிழமை போனார். போகாமலிருக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. மெத்தை நாற்காலியைவிட வேனின் கிழிந்த சீட்டு அவர் முதுகுக்கு இணங்கியது. அஜிதா கொஞ்ச நாள் நேரத்தே வந்தாள். பிறகு கொஞ்சம் பிந்தினாள். பிறகு பழையபடி ஓடிவந்து ஏறி, தலையைச் சீவிக்கொண்டே காரணம் சொன்னாள். யாரும் எதிர்பார்க்காதது ஒன்றும் அதில் இல்லை.

மழை விடாமல் பிடித்த ஒரு காலை. முந்தின நாள் கதீஜா உம்மாளுக்குக் காய்ச்சல். அவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணாடியில் தண்ணீரை வைப்பர் தள்ளத் தள்ள, தள்ளின இடத்திலேயே திரும்ப ஓடியது. பின்னால் ஒரு கார் பொறுமையில்லாமல் விளக்கை மினுக்கிக்கொண்டே வந்தது. பூதப்பாண்டி நெருங்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. வலது பக்கம் வாய்க்கால், முன்னால் மினி பஸ், இடைவெளி இருக்கிறது. சொல்வதெல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் சொன்ன சொல் பழக்கத்தில் வந்தது, கண்ணிலிருந்து வரவில்லை. அதை அவர் அப்போது அறியவில்லை.

"இடது ஊடுவழி! சைக்கிளு!" என்றாள் முத்துக்கனி.

கால் பிரேக்குக்குப் போனது. மதிலை ஒட்டிய சின்ன ஊடுவழியிலிருந்து, மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, சைக்கிளை ஒரே மிதியில் ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். தலையைத் திருப்பவில்லை. வேனுக்கு முன்னால் குறுக்கே போனாள். எதிர்ப்பக்கம் ஏறி, ஒரு குட்டையைச் சுற்றி, போய்விட்டாள். வேன் குலுங்காமல் நின்றிருந்தது. பின்னால் வந்த கார் ஒடித்து, முந்தி, ஜன்னலை இறக்கி, அவருடைய வாப்பா வரைக்கும் இழுத்து ஏசிவிட்டுப் போனது.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது.

சேக் முகம்மது வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்தினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. 

"நான் பாக்கல்ல" என்றார்.

"அது என்னவாம்? மதிலு மறைக்கும் உமக்கு. எனக்குத் தெரியும், நான் இந்தப் பக்கம்லா இருக்கேன்."

"இல்ல பிள்ளே. மதில் இருந்தா வழி இருக்கும்னு நினைச்சிருக்கணும். நினைக்கல்ல. எனக்கு... கொஞ்சம் நிப்போம்."

பின்னால் ஒருத்தி, "சங்கு..." என்று ஆரம்பித்தாள். அஜிதா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.  அவர் தண்ணீர் குடித்தார், கண்ணைக் கழுவினார், ஈரக் கையால் கழுத்தை அழுத்திக்கொண்டார். பிறகு சாவியைத் திருப்பினார். மெதுவாகத்தான் ஓட்டினார். இந்தத் தடவை இடப்பக்கத்தை முத்துக்கனி சொன்னாள், வலப்பக்கத்தை அவர் சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை.

போய்ச் சேர்ந்தபோது கேட் அடைத்திருந்தது.

லிஜோ குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். வேனையும், இறங்காமல் உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தான்.

"என்ன ஆச்சு? டயர் பஞ்சரா?"

"ஒண்ணும் ஆகல்ல" என்றாள் முத்துக்கனி.

"பிறகு ஏன் லேட்டு?"

"ஒண்ணும் ஆகாம இருந்ததுக்குத்தான் லேட்டு."

லிஜோவுக்கு விளங்கவில்லை. சேக் முகம்மது கதவைத் திறந்து இறங்கப்போனார். "தம்பி, நான் சொல்லுகேன். பாதையில ஒரு பிள்ள வந்தது, நான் கவனிக்கல்ல. இவதான் பாத்தா. எனக்குக் கண்ணு பழைய மாதிரி இல்லையோன்னு தோணுது. நீங்க வேற ஆளு பாக்கதா இருந்தா..."

"இரும் ஓய், மழையில எங்க எறங்குகேரு" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் முத்துக்கனி. "பாக்கல்லன்னு சொல்லுக டிரைவர நான் இப்பந்தான் பாக்கேன். மத்தவனுவ எல்லாம் இடிச்ச பிறகும் பாத்தேன்னுதான் சொல்லுவானுவ. லிஜோ சாரே, நீங்க போங்க. அரைநாளு எங்களுக்கதுதானே?"

"அப்பம் நாளைக்கு?"

"நாளைக்கும் இவருதான்" என்றாள் அஜிதா. பிறகு, மனசில்லாத மனசோடு, "நான் நேரத்தே வாறேன்" என்று சேர்த்துக்கொண்டாள். வேனில் ஒருவரும் அதை நம்பவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்ணக் காட்டும்" என்றாள் முத்துக்கனி அவரிடம். "கண்ணாடி போட்டா போட்டுட்டு வாரும். அதுவரைக்கும் என்னத்துக்கு இருக்கு எனக்க ரெண்டு கண்ணு?"

லிஜோ தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

உச்சிச் சங்குக்கு வெகுநேரம் இருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் வீட்டில் வேலை காத்திருக்கும் என்பதால் யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. ஜன்னல்களை ஏற்றினார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தாள். பேசிக்கொண்டிருந்த அஜிதாவின் குரல் ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றுபோனது. அரைநாள் கூலியைப் பறிகொடுத்துவிட்டு, வருசக்கணக்காகத் தூங்காதவர்கள் தூங்குவதுபோல அந்த வேன் தூங்கியது.

சேக் முகம்மது கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். கைப்பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். சீட்டைப் பின்னால் தள்ளினார். இத்தனை வருசத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ஒருமுறைகூடக் கண்ணை மூடியதில்லை. மூடினார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றது.